எண்ணெயில் விழுந்த மாப்பிள்ளைகள்

முப்பத்திநான்கு வருடம் டவுன் பஸ் ஓட்டிய என் புருஷன் நேவியோவுக்கு மார்ச் மாதக் கடைசியில் உப்பிட்ட பன்றித்தொடை ஒன்றும் பாராட்டுப் பத்திரம் ஒன்றும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏப்ரல் மூன்றாம் தேதிக்குள் அவனைக் கொன்றுவிடுவது என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

கெட்டவன் இல்லை. சீட்டாட்டத்தில் வீட்டைத் தோற்றதில்லை, அடுத்தவள் பக்கம் தலையைத் திருப்பியதில்லை. ஆனால் காலை எட்டு மணிக்கு என் சமையலறைக்குள் வந்து நின்றுகொள்வான். நான் வெங்காயம் நறுக்கினால், "இன்னும் கொஞ்சம் பொடியா நறுக்கலாமே இல்தே" என்பான். இல்தே என்பது நான்தான். தண்ணீரை அடுப்பில் வைத்தால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பான். "பதினோரு நிமிஷம் ஆச்சு. நேத்து ஒம்பதுலயே கொதிச்சுது" என்பான். நான் ஒரு நாள் முடி வெட்டிக்கொள்ளப் போன நேரத்தில் அலமாரி டப்பாக்களை எல்லாம் உயர வரிசையில் அடுக்கிவிட்டான். என் வீட்டில், என் ஐம்பத்தொன்பதாவது வயதில், உப்பு எங்கே என்று நான் இன்னொருத்தரைக் கேட்டு வாங்க வேண்டியதாகிவிட்டது.

அந்தச் சமையலறை ஒன்றுதான் எனக்கென்று இருந்த இடம். பிள்ளை குட்டி கிடையாது. ரேடியோவைப் போட்டுவிட்டு, தோன்றினால் பாடி, தோன்றினால் வாய்விட்டுத் திட்டி, கத்தரிக்காயோடும் சீஸோடும் நான் பாட்டுக்கு இருந்தவள். அந்த இடத்தை எப்படியாவது மீட்டாக வேண்டும், இல்லையென்றால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். நேராக நகராட்சிக்குப் போனேன்.

எங்கள் ஊர் ஆற்றங்கரையில் ஓய்வு பெற்றவர்களுக்கென்று நகராட்சி கொடுத்த இருபத்திரண்டு காய்கறிப் பாத்திகள் இருக்கின்றன. அதற்காக நாற்பது பேர் வரிசையில் காத்திருந்தார்கள். என் சித்தி மகள் அந்த அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள், வரிசை கொஞ்சம் அசைந்தது. பதினான்காம் நம்பர் பாத்தி நேவியோவுக்குக் கிடைத்தது. மண்வெட்டியையும் வைக்கோல் தொப்பியையும் கையில் கொடுத்து, "போ, காத்தாட இரு, சாயங்காலம் வா" என்று அனுப்பினேன். அவன் போனதும் டப்பாக்களைக் கலைத்துப் பழையபடி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் சத்தம் போட்டுப் பாடினேன். அன்றைக்கு இருந்த சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்று கூட இருந்ததில்லை.

ஜூன் மாதம் பாத்தியில் சுக்கினிச் செடி, வெள்ளரிக்காய் மாதிரி நீளமாகக் காய்க்கிற பூசணி வகை, பூத்தது. கை அகல மஞ்சள் பூ. ஒரு பிடி பறித்து, காலை எட்டு மணிக்குச் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"இது ஒனக்கு ஒதவுமா?" என்று கேட்டான்.

உதவுமாவா. சுக்கினிப் பூவுக்குள் ரிக்கோத்தா என்கிற இளம் சீஸை அடைத்துப் பொரிப்பதில் இந்த ஊரில் என்னை அடிக்க ஆள் கிடையாது, இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமும் கிடையாது. ஆனால் பூ சரியான பூவாக இருக்க வேண்டும். நீளக் காம்புள்ள பூதான் ஆகும். அடியில் பிஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கிற பூவைப் பொரிக்கிறவள் சமையல்காரியே இல்லை, பூ முறுகின பிறகும் பிஞ்சு பச்சையாக நிற்கும். நாற்பது வருடமாகச் சந்தையில் நீளக் காம்புப் பூவைத் தவிர வேறெதையும் நான் தொட்டதில்லை. அவன் கொண்டுவந்ததில் பாதிக்குப் பாதி பிஞ்சு ஒட்டியிருந்தது. அவற்றை ஒதுக்கிவிட்டேன்.

"காம்பு நீளமா இருக்கறது மட்டும் வேணும். ஆனா அது அத்தனையும் வேணும். ஒண்ணு விடாத" என்றேன்.

மறுநாள் அத்தனையும் கொண்டுவந்தான். ரிக்கோத்தாவைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு நீரை வடித்து, பார்மிஜானோ சீஸைத் துருவிப் போட்டு, எலுமிச்சைத் தோல் கொஞ்சம், ஜாதிக்காய் ஒரு சுரண்டல், மிளகு, கிள்ளிய துளசி இலை என்று பிசைந்து வைத்திருந்தேன். துளசி என்றால் எங்கள் பக்கத்து இனிப்புத் துளசி. இதில் கஷ்டம் எல்லாம் பூவைத் திறப்பதில்தான். ஒற்றைக் கையால் இதழை விரித்து மறு கையால் அடைக்கும்போது நாலில் ஒன்று கிழிந்துவிடும். அவனோ வாசலை விட்டு நகராமல் நின்றுகொண்டிருந்தான்.

"சும்மா நிக்கற வாயால இத ஊது" என்றேன்.

ஊதினான். பூ அழகாக விரிந்தது. அடைத்தேன், நுனியை அவன் முறுக்கினான், நான் சில்லென்ற சோடா நீரில் கரைத்த மாவில் முக்கி எண்ணெயில் போட்டேன். இரண்டாவது பூ, மூன்றாவது பூ. ஒன்று கூடக் கிழியவில்லை. ஒன்பதாவது பூவுக்குள் ஒரு தேனீ தூங்கிக்கொண்டிருந்தது. அவன் ஊதியதும் அது வெளியே வந்து அவன் மேலுதட்டில் கொட்டியது. ஒரு வாரம் அவனுக்கு வாத்து மூக்கு. அதோடும் விடாமல் வந்து ஊதினான்.

ஊதி முடித்த பூவுக்கும் அடுத்த பூவுக்கும் நடுவில் பஸ் கதை சொல்லுவான். செவ்வாய்தோறும் மடியில் ஒரு வாத்தை வைத்துக்கொண்டு ஏறி, வாத்துக்கும் டிக்கெட் கேட்ட பெண்ணைப் பற்றி. வீட்டில் தூக்கம் வரவில்லை என்று கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பி வந்த நோட்டரியைப் பற்றி. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இத்தன வருஷமா இதெல்லாம் எங்கிட்ட ஏன் சொல்லல நீ?" என்று கேட்டேன்.

"ஓட்டுநரோட பேசக் கூடாதுன்னு பஸ்ஸுலயே எழுதியிருக்கு. பழகிப்போச்சு" என்றான்.

ஒன்பது மணிக்குப் பூ தீர்ந்துவிடும். "ஆச்சு, கெளம்பு" என்பேன். எழுந்து போய்விடுவான். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அவனுக்குப் போதுமா என்று நான் கேட்கவில்லை.

வினை எங்கே வந்தது என்றால், பொரித்ததில் மிச்சத்தை ஒரு டப்பாவில் போட்டுத் தோட்டத்துக்குக் கொடுத்தனுப்பினேன். தோட்டக் கமிட்டித் தலைவர் ஒரியானோ, ரிடையர் ஆன போஸ்ட்மாஸ்டர், ஒன்றைக் கடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாராம். மறுநாள் அவர் பாத்திப் பூவும் என் சமையலறைக்கு வந்தது. அதற்கடுத்த நாள் பன்னிரண்டாம் நம்பர் ஆர்ஜா தன் பூவைக் கூடையில் அனுப்பினாள். அவளுக்கு எண்ணெய் காயவைக்கக் கூடத் தெரியாது, ஆனால் உலகத்தில் எல்லாவற்றைப் பற்றியும் அபிப்பிராயம் உண்டு. அப்புறம் அக்கார்டியன் வாசிக்கிற வெர்த்தர், அப்புறம் எல்லாரும். எல்லாருக்கும் நான் சொன்னது ஒன்றுதான், நீளக் காம்பு, ஒன்று விடாமல். ஜூன் முடிவதற்குள் தினமும் காலையில் நூற்றைம்பது பூ பொரித்துக்கொண்டிருந்தேன். தெருவில் போனால் ஆண்கள் தொப்பியைத் தூக்கினார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜூலை வந்தது. ஜூலையில் எங்கள் ஊரில் காரைப் பூட்டாமல் நிறுத்தினால் யாராவது உள்ளே ஒரு மூட்டை சுக்கினியைப் போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். பாதிரியார் வீட்டு வாசலில் கொட்டுவார்கள், தபால் பெட்டியில் திணிப்பார்கள். அவ்வளவு காய்க்கும். இந்த வருடம் ஆற்றங்கரையில் ஒரு சுக்கினி கிடையாது. சுண்டுவிரல் நீளத்துக்குப் பிஞ்சு விடும், நுனி மஞ்சளாகும், அழுகி விழும். இருபத்திரண்டு பாத்தியிலும் இதே கதைதான்.

கமிட்டி கூடியது. மொபைல் கோபுரம்தான் காரணம் என்றார் ஒருவர். பாதிரியார் இந்த வருடம் எங்கள் பக்கம் தீர்த்தம் தெளிக்காமல் போய்விட்டார் என்றாள் ஆர்ஜா. செடிக்கு மனசு சரியில்லை என்று வெர்த்தர் இரண்டு சாயங்காலம் பாத்தி பாத்தியாக நின்று அக்கார்டியன் வாசித்தார். சுக்கினி அசையவில்லை, பக்கத்துத் தக்காளிகள்தான் வெடித்தன. நான் என் பங்குக்கு வீட்டில் நேவியோவை வறுத்தெடுத்தேன்.

"சுக்கினி வளக்கத் தெரியாத மனுஷன் உண்டா இந்த நாட்டுல? கண்ண மூடிட்டு வெதயத் துப்பினாலே காய்க்குமே" என்றேன்.

"எனக்கு மட்டும் இல்லியே இல்தே, யாருக்குமே காய்க்கலியே" என்றான், பூவை ஊதிக்கொண்டே.

மானப் பிரச்சினை என்னவென்றால், ஆகஸ்ட் பத்தாம் தேதி சான் லொரேன்சோ திருநாளுக்கு எங்கள் தோட்டக்காரர்கள்தான் ஊருக்கே மதியச் சாப்பாடு போடுவது. சீஸ் அடைத்துச் சூளையடுப்பில் வெந்த முந்நூறு சுக்கினி. அக்கரைத் தோட்டக்காரர்களுக்கு விஷயம் எப்படியோ எட்டிவிட்டது. ஒரு கூடை சுக்கினியைச் சிவப்பு ரிப்பன் கட்டி, "ஏழை எளியவர்களுக்கு" என்று சீட்டெழுதிப் பாலத்தின் நடுவில் வைத்துவிட்டுப் போனார்கள். ஒரியானோவுக்கு அன்று ரத்த அழுத்தம் ஏறிவிட்டது.

அதன் பிறகுதான் விதைக் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து இலேனியா என்கிற பெண்ணை வரவழைத்தார்கள். விவசாயம் படித்தவள், முப்பது வயதுகூட இருக்காது. நாங்கள் எல்லாரும் பின்னாலேயே போனோம். அவள் ஒரு செடியைப் பார்த்தாள், இரண்டாவதைப் பார்த்தாள், பத்தாவதைப் பார்த்தாள். இலையைத் திருப்பினாள். நிமிர்ந்து நின்றாள்.

"நோய் எதுவும் இல்ல. செடி நல்லாத்தான் இருக்கு. ஆண் பூவெல்லாம் எங்க?" என்றாள்.

"எது ஆண் பூ டாக்டரம்மா?" என்று ஒரியானோ கேட்டார்.

"காம்பு நீளமா இருக்குமே, அதான். பிஞ்சு ஒட்டியிருக்கறது பெண் பூ. ஆண் பூவுல இருக்கற மகரந்தத்த தேனீ எடுத்துட்டு வந்து பெண் பூவுல வெச்சாத்தான் பிஞ்சு காயாகும். காலைல ஒரு நாலு மணி நேரந்தான் பூ திறந்திருக்கும். அதுக்குள்ள நடக்கணும். இங்க பொண்ணுங்க எல்லாம் அலங்காரம் பண்ணிக்கிட்டு நிக்கிதுங்க, மாப்பிள்ள ஒருத்தரக் கூடக் காணோமே. யாரு கொண்டுபோறாங்க?"

இருபத்திரண்டு பாத்திக்காரர்களும் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்த இருபத்திரண்டில் என் புருஷனும் ஒருத்தன்.

"என்ன பாக்கறீங்க? திங்கறப்ப தெரியலியா?" என்றேன்.

"ஊர் மாப்பிள்ளைங்களயெல்லாம் பொரிச்சுட்டா" என்றாள் ஆர்ஜா. அன்றிலிருந்து சந்தையில் எனக்கு அதுதான் பட்டப்பெயர், மாப்பிள்ளை பொரிக்கிறவள். மீன்காரன் கூடக் கேட்டான், "உங்க வீட்டுக்காரர் நல்லா இருக்காரா சிஞோரா?" என்று.

ஒரியானோ அன்றே விதி போட்டார். சான் லொரேன்சோ வரைக்கும் ஒரு பூவைக் கூட எவரும் பறிக்கக் கூடாது, தன் பாத்தியில் கூட, எந்த நேரத்திலும். மீறினால் அந்தக் குடும்பத்துப் பாத்தி போய்விடும், வரிசையில் அடுத்த ஆளுக்குப் போகும். பாத்தி போனால் நேவியோ எங்கே போவான்? திரும்ப என் அடுப்படிக்குத்தான். அன்று வீட்டுக்கு வந்ததும் அவனை உட்காரவைத்து விரலை நீட்டிச் சொன்னேன்.

"ஒரு பூ மேல ஒன் கை படக் கூடாது. அந்தப் பாத்திய நீ எழந்தேன்னா, ஒன் தங்கச்சி வீட்டுக்கு ரவென்னாவுக்கு மூட்ட முடிச்சோட அனுப்பிருவேன். எனக்கு என் சமையக்கட்டு வேணும்."

"சரி" என்றான்.

பூ வருவது நின்றது. காலை எட்டு மணி மறுபடி எனக்கே எனக்கானது. நான் கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோவைப் போட்டேன். கத்தரிக்காயைச் சுட்டு அடுக்கி, நடுவில் தக்காளிச் சாறும் சீஸும் வைத்து வேகவிட்டேன். குடைமிளகாய் வதக்கினேன். எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. பாட மட்டும் ஏனோ தோன்றவில்லை. வெயில் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

நேவியோவிடம் ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. மத்தியானம் சாப்பிட்டு ஊரே தூங்குகிற நேரத்தில் காபிக்கடைக்குச் சீட்டாடப் போகிறேன் என்று கிளம்புவான். மூன்றரைக்குத் திரும்பி வந்து சமையலறை வாசலில் நிற்பான், தலையில் வைக்கோல் தொப்பியோடு.

"என்ன?" என்பேன்.

"ஒண்ணுமில்ல."

"வீட்டுக்குள்ள எதுக்குத் தொப்பி? கழட்டு."

"தல வேர்க்குது."

"வேர்த்தாத்தான் கழட்டணும்."

"இல்ல, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு டாய்லெட்டுக்குப் போய்விடுவான். வழுக்கை விழுவதற்கு வெட்கப்படுகிறான் என்று நினைத்தேன். அறுபத்துநாலு வயதில் இப்போதுதான் கவனித்திருப்பான் போல.

எட்டு நாள் கழித்து ஒரியானோ எல்லாரையும் கூப்பிட்டார். யாரோ பூத் திருடுகிறார்கள். சாயங்காலம் போய்ப் பார்த்தால் காம்பு சின்னக் கத்தரியால் நறுக்கினதுபோல் சுத்தமாக நிற்கிறது. ஒரு பாத்தியில் ஒன்று, இன்னொன்றில் ஒன்று, யார் மனசும் நோகாதபடிக்குப் பங்கிட்டுத் திருடுகிற திருடன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் விசாரணை என்றார். பேசியது எல்லாரிடமும், பார்த்தது என்னை மட்டும்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் எட்டு நாளாக ஒரு இதழைக் கூட நாக்கில் வைக்கவில்லை. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்து ஆர்ஜாவின் முன்னால் நிறுத்துவது என்று சபதம் எடுத்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் நேவியோ கிளம்பிய கையோடு நானும் கிளம்பினேன். பதினாறாம் நம்பரில் அவரைப் பந்தல் இருக்கிறது. அதன் பின்னால் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, தலையில் ஈரத் துணியோடு உட்கார்ந்தேன். கொசு என்னை உரித்துத் தின்றது. ஆற்றங்கரையில் ஒரு நாய்கூட விழித்திருக்கவில்லை.

இரண்டரை மணிக்குத் திருடன் வந்தான். வைக்கோல் தொப்பி போட்டிருந்தான். கையில் என்னுடைய நகக் கத்தரி. ஒவ்வொரு செடியாகக் குனிந்து, பூவைப் பிடித்து, "மன்னிச்சுக்கோ" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நறுக்கினான். பூவிடம்தான் சொன்னான். பிறகு தொப்பியைத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டான்.

"நேவியோ" என்றேன்.

திரும்பிக்கூடப் பார்க்காமல் இரண்டு கையையும் மேலே தூக்கினான்.

"இல்தே, நீ வீட்ல தூங்கிட்டிருக்கேல்ல?"

"தூங்கிட்டுத்தான் இருக்கேன். ஒனக்குத்தான் கெட்ட கனவு. தொப்பியக் கழட்டு."

கழற்றினான். ஆறு பூ மண்ணில் விழுந்தது. எல்லாம் சுருங்கி மூடிப்போன பூ.

"யாருக்கு இது? ஆர்ஜாவுக்கா?" என்றேன். அது ஏன் முதலில் என் வாயில் வந்தது என்று எனக்குத் தெரியாது.

"ஒனக்குத்தான்."

"எனக்கா? நான் கேட்டேனா? மத்தியானத்துப் பூவ எப்பிடிடா அடைக்கறது? ஊதினாலும் தொறக்காது இது."

"தொறக்காதுன்னு தெரியும். காலைல எல்லாரும் இருக்காங்க, பறிக்க முடியாதுல்ல." தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பூ இருந்தாத்தான நீ என்ன உள்ள விடற."

நான் குனிந்து மண்ணிலிருந்து ஒரு பூவை எடுத்தேன்.

"தெனம் ஆறு எடுத்துட்டு வரேன் இல்தே. வாசல்ல வந்து நிக்கறேன். நீ 'என்ன'ங்கற. எனக்கு தைரியம் போயிடுது. 'ஒண்ணுமில்ல'ன்னுட்டு டாய்லெட்ல கொட்டித் தண்ணி விட்டுடறேன். ஒரு நாள் பச்சயா ஒண்ணு தின்னு பாத்தேன். நல்லால்ல."

"எட்டு நாளாவா?"

"எட்டு நாளா."

"இந்தப் பாத்தி ஒனக்குப் புடிக்கலியா?"

"முதுகு வலிக்குது. இங்க எல்லாரும் நாள் பூரா சாணியப் பத்தியே பேசறாங்க. நீ ஆசப்பட்டு வாங்கிக் குடுத்தியேன்னு வந்துட்டிருக்கேன்."

ஆசைப்பட்டு வாங்கிக் கொடுத்தேன். ஆமாம், பேயை விரட்டுகிற ஆசையில் வாங்கிக் கொடுத்தேன். அவனை ஓங்கி ஓர் அறை விட வேண்டும்போல் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது, இரண்டும் சேர்ந்து வந்ததில் நான் அவரைப் பந்தலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெயிலில் நின்று நகக் கத்தரியால் பூ நறுக்கி, தலையில் சுமந்து வந்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்க முடியாமல் திரும்பியிருக்கிறான். நான் தொப்பியைக் கழற்று என்று அதட்டியிருக்கிறேன். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

"அந்தக் கத்தரியக் குடு" என்று வாங்கிக்கொண்டேன். "இனிமே தொடாத. வாயத் தெறக்காத. நடந்தது நமக்குள்ள."

அதோடு முடிந்திருக்கலாம். யாரும் எங்களைப் பார்க்கவில்லை. போதாக்குறைக்கு, காலையில் வேலை முடிந்து மூடிக்கொண்ட பூவைப் பறித்தால் காய்ப்புக்கு ஒரு கெடுதலும் இல்லை, இலேனியா சொன்னதை வைத்துப் பார்த்தால் அது யாருக்கும் புரியும். செடிகளில் பிஞ்சு பிடித்து நன்றாகத் திரண்டுகொண்டும் இருந்தது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பாத்தியும் தங்கும், என் சமையலறையும் தங்கும். ஞாயிற்றுக்கிழமை அத்திமரத்தடிக் கூட்டத்துக்குப் போகும்போது அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். நேவியோ என் பக்கத்தில் தொப்பியில்லாமல் உட்கார்ந்திருந்தான்.

ஒரியானோ எழுந்து தொண்டையைச் செருமினார். "பூத் திருடினது யாருன்னு அவங்களாவே சொல்லிட்டா மரியாத. இல்லேன்னா இனிமே மத்தியானத்துக்குக் காவல் போட வேண்டியதுதான். காவல் போட்டா விஷயம் அதோட முடிஞ்சுடும். யாராவது சொல்றீங்களா?"

நேவியோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாளை காலை எட்டு மணிக்கு மண்வெட்டியோடு இங்கே வருவான், சாணியைப் பற்றிக் கேட்பான், மூன்றரைக்கு வாசலில் வந்து நிற்பான், நான் என்ன என்பேன். செப்டம்பர், அக்டோபர், அடுத்த வருடம். என் கால் தானாக எழுந்து நின்றுவிட்டது.

"நான்தான்" என்றேன்.

நேவியோ துள்ளி எழுந்தான். "இல்ல, அது..."

அவன் கால் பெருவிரலை என் செருப்புக் குதியால் மிதித்தேன். உட்கார்ந்துவிட்டான்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றாள் ஆர்ஜா. அவள் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தபோது, ஒரு புண்ணியம் செய்ததுபோல் எனக்கே தோன்றியது.

"ஏன் சிஞோரா?" என்று ஒரியானோ கேட்டார். நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"நாக்கு கேக்கல" என்றேன். இத்தனை வருடம் கட்டிக் காத்த என் பேர் அந்த இரண்டு வார்த்தையில் போயிற்று. இந்த ஊரில் இனி எனக்குத் தொப்பியைத் தூக்க எவனும் இல்லை.

விதி விதிதான். பதினான்காம் நம்பர் பாத்தி அன்றே திபேரியோ என்பவருக்குப் போனது, மூன்று வருடமாக வரிசையில் நின்றவர். நேவியோ மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கொஞ்சம் நொண்டியபடி என் கூட நடந்து வந்தான். பாலம் தாண்டியதும் நின்றான்.

"பாத்தி போச்சுன்னா நான் வீட்லதான இருப்பேன், இல்தே" என்றான்.

"எனக்குத் தெரியாதா அது?" என்றேன்.

அதற்குமேல் நான் சொல்ல மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். கேட்கவும் இல்லை. ஆனால் வீடு வரை என்னென்னவோ பேசிக்கொண்டே வந்தான், பஸ்ஸில் ஒருத்தி பிரசவித்த கதை கூடச் சொன்னான்.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி ஒரியானோ எங்கள் வாசலில் வந்து நின்றார். பின்னால் தள்ளுவண்டியில் முந்நூறு சுக்கினி. தண்டனை பாத்திக்குத்தான், அடுப்புக்கு இல்லை என்று கமிட்டி தீர்மானம் போட்டிருக்கிறதாம். ஆர்ஜா சமைத்தால் ஊரே அக்கரைக்குப் போய்விடும் என்று மெதுவாகவும் சொன்னார்.

நானும் நேவியோவும் மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தோம். அவன் ஒவ்வொன்றையும் இரண்டாக வகிர்ந்து கரண்டியால் சதையைக் குடைந்தான். நான் அதை வெங்காயத்தோடு வதக்கி, ரிக்கோத்தா, முட்டை, ரொட்டித்தூள், துருவிய பார்மிஜானோ எல்லாம் போட்டுப் பிசைந்தேன். குடைந்தபின் தோணி மாதிரி ஆகிற துண்டுகள் எல்லாம் ஒரே நீளமாக இருந்தால் ஒரே நேரத்தில் வேகும் என்று அவன் என் சுக்கினிகளை அளவு வாரியாக அடுக்கத் தொடங்கினான். டப்பாக்கள் பக்கம் பார்வை போனதையும் கவனித்தேன்.

"அளக்காத. குடை" என்றேன்.

குடைந்தான். பிசைந்ததில் கொஞ்சம் விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். யோசித்தான்.

"உப்பு கம்மி" என்றான்.

"வெளிய போ" என்றேன்.

போகவில்லை. அடுத்த சுக்கினியை எடுத்தான். அவன் திரும்பிய நேரம் பார்த்து நான் ருசி பார்த்தேன். உப்பு கம்மிதான். யாருக்கும் தெரியாமல் ஒரு சிட்டிகை போட்டுக் கிளறினேன்.

"இப்பப் போட்டல்ல?" என்றான் முதுகைக் காட்டிக்கொண்டே.

"வெளிய போன்னு சொன்னேன்" என்றேன்.

"இன்னும் எரநூத்திநாப்பது இருக்கு" என்றான், குடைவதை நிறுத்தாமல்.

மூன்றாவது முறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.